எது ஈசி? யுனிக்ஸ் குடும்பத்தை நிறுவும் கதை

கணினி அறிவியல் வகுப்பில் இயங்குதளம் என்ற பாடம் தொடங்கிய வாரத்திலேயே ஒரு கேள்வி கிளம்பும். "லினக்ஸ் போடணும்டா, எது ஈசி?" பத்து நிமிடத்தில் பத்து பதில் வந்து விழும். ஒருவர் உபுண்டு என்பார். இன்னொருவர் ஃபெடோரா என்பார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் ஆர்ச் என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஃப்ரீபிஎஸ்டி என்று சொல்பவரும் வகுப்புக்கு ஒருவர் இருப்பார். அவர் சிரிக்க மாட்டார்.

இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே அளவுகோல்தான். நிறுவும்போது எத்தனை கேள்வி கேட்கிறது, எத்தனை முறை மவுஸைத் தட்ட வேண்டும், எத்தனை நிமிடத்தில் முடிகிறது? குறைவாகக் கேட்டால் எளிது, நிறையக் கேட்டால் கடினம். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இந்த அளவுகோலை நம்பி இறங்கியவர்களில் பலர், அதே மாலையில் "என் டி டிரைவ் எங்கே போச்சு?" என்று தேடியிருக்கிறார்கள்.

எளிமையை வேறு விதமாகத்தான் அளக்க வேண்டும். ஏன் என்று புரிய, பழைய கதையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ஃப்ளாப்பியிலிருந்து சிடிக்கு

1993-ல் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர் ஃப்ளாப்பிகளில் வந்தது. மென்பொருள் வகைக்கு ஒரு எழுத்து. 'ஏ' என்றால் அடிப்படை, 'என்' என்றால் நெட்வொர்க், 'எக்ஸ்' என்றால் வரைகலை. ஒவ்வொரு எழுத்துக்கும் பல ஃப்ளாப்பி. கடைசி ஃப்ளாப்பியில் ஒரு இடம் கெட்டுப்போயிருந்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான். அதே 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனின் பழைய பதிப்புகளில் டிசெலக்ட் என்ற நிரலைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்த விசை என்ன செய்யும் என்று தெரியாமல் அதற்குள் மாட்டிக்கொண்டவர்கள் உலகமெங்கும் உண்டு.

இதெல்லாம் முடிந்த பிறகும் வரைகலைத் திரை வராது. மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து அதிர்வெண்களைக் கையேட்டில் தேடிப் பிடித்து ஒரு கோப்பில் எழுத வேண்டும். தவறான எண்ணைக் கொடுத்தால் மானிட்டரே பழுதாகலாம் என்று ஒரு எச்சரிக்கையும் கூடவே இருக்கும். சவுண்ட் கார்டின் ஐஆர்க்யூ எண், நெட்வொர்க் கார்டின் முகவரி என்று கேள்விகள் நீளும்.

1999-ல் கால்டெரா நிறுவனம் தன் ஓபன்லினக்ஸ் 2.2-ல் லிஸார்ட் என்ற வரைகலை நிறுவியைக் கொண்டுவந்தது. கோப்புகள் நகலாகிக்கொண்டிருக்கும்போது பயனர் டெட்ரிஸ் விளையாடலாம்! 2000-ல் ஜெர்மனியின் கிளாஸ் க்னாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே சிடியிலிருந்து முழு லினக்ஸை ஓட்டிக் காட்டியது. 2004 அக்டோபரில் வந்த உபுண்டு 4.10-ன் நிறுவி இன்னும் எழுத்துத் திரையில்தான் இருந்தது. 2006 ஜூனில் வந்த 6.06 பதிப்பில் இரண்டும் சேர்ந்தன. சிடியைப் போட்டால் டெஸ்க்டாப் வரும், ஓட்டிப் பார்த்துப் பிடித்திருந்தால் அங்கேயே ஒரு ஐகானைத் தட்டி நிறுவிக்கொள்ளலாம். அந்த சிடியைக் கேட்டவர் வீட்டுக்கே இலவசமாக அனுப்பும் திட்டமும் 2011 வரை இருந்தது.

இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் கேள்விகள் இப்படிக் குறைந்ததற்கு நிறுவிகளின் திறமை மட்டும் காரணமாகாது. பெரிய காரணம் வன்பொருள். பழைய ஐஎஸ்ஏ கார்டு பொதுவாகத் தன் பெயரைச் சொல்லாது. பயனர்தான் சொல்ல வேண்டும். பின்னால் வந்த பிசிஐ கார்டும் யுஎஸ்பி சாதனமும் தங்கள் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் தாமே சொல்லிவிடும். மானிட்டரும் தனக்கு ஏற்ற அளவுகளைத் தானே சொல்லக் கற்றுக்கொண்டது. கர்னல் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. மனிதரிடம் கேட்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

ஒரு கேள்வி மட்டும் அப்படிப் போகவில்லை. போகவும் முடியாது. "எந்த டிஸ்க்கில் எழுதட்டும்? அதில் இருப்பது உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?" இதற்கான விடை எந்தச் சில்லிலும் இல்லை. ஒரு பார்ட்டிஷனில் அக்கா கல்யாணப் போட்டோ இருக்கலாம், அப்பாவின் கடைக் கணக்கு இருக்கலாம், இறுதியாண்டு புராஜெக்ட் இருக்கலாம். டிஸ்க்குக்கு எல்லாமே வெறும் பைட்டுகள். நிறுவுவதில் திரும்பப் பெற முடியாத காரியமும் இது ஒன்றுதான். மொழியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மாற்றிக்கொள்ளலாம். நேர மண்டலம் தவறினால் திருத்திக்கொள்ளலாம். அழிந்த பார்ட்டிஷன் அப்படி வராது.

ஆகவே ஒரு நிறுவி எளிதா என்று கேட்பது, அந்த ஒரு கேள்வியில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்பதுதான்.

ஒரே கேள்வி, பல குணங்கள்

ஓபன்பிஎஸ்டியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பலரும் அதைக் கடினம் என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். உண்மையில் இருக்கும் நிறுவிகளிலேயே நேர்த்தியானவற்றில் அது ஒன்று. வண்ணம் கிடையாது, படம் கிடையாது. ஒரு வரிக் கேள்வி, பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் அது பரிந்துரைக்கும் விடை. சரி என்றால் என்டர் தட்டினால் போதும். கணினியின் பெயர், ரூட் கடவுச்சொல் போன்ற சிலவற்றைத் தவிர மற்றதெல்லாம் என்டர்தான். காலி டிஸ்க்கில் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். கேள்வி எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இதைவிட எளிது எது?

ஆனால் அந்த என்டர் வரிசையில் ஒரு இடத்தில், முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். புதிதாக நிறுவுபவருக்கு அடைப்புக்குறிக்குள் இருக்கும் விடை, 'முழுவதும்'. அதே டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கிறது, கை பழக்கத்தில் என்டர் தட்டிவிட்டது என்றால் விண்டோஸ் போய்விட்டது. எந்த டிஸ்க் என்று கேட்கும் இடத்திலும் எஸ்டி0, எஸ்டி1 என்று குறுகிய பெயர்கள்தான். விவரம் வேண்டுமானால் கேள்விக்குறி தட்டிக் கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்தவருக்கு அது சொல்லும். முதல்முறை வருபவருக்குக் கேட்கவே தெரியாது. ஒரு கணினியை முழுதாக ஓபன்பிஎஸ்டிக்கே கொடுக்கும் நிர்வாகிக்கு அது தங்கம். வீட்டில் எல்லோருக்கும் பொதுவான ஒரே கணினியில் பரிசோதிக்கும் மாணவருக்கு அது வழுக்குப் பாறை.

அடுத்து டெபியன். 2005-ல் சார்ஜ் என்ற 3.1 பதிப்புடன் வந்த நிறுவி, மெருகேறி இன்றும் தொடர்கிறது. நிறையக் கேட்கிறது, பக்கம் பக்கமாகப் போகிறது என்று அதைப் பற்றிக் குறை சொல்வார்கள். உண்மைதான். முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளும் வழி அதிலும் உண்டு. ஆனால் டிஸ்க்குகளைக் காட்டும்போது அளவையும் தயாரிப்பாளர் பெயரையும் சேர்த்தே காட்டும். 500 ஜிபி எது, 16 ஜிபி பென் டிரைவ் எது என்று பார்த்ததும் தெரியும். எல்லாம் தீர்மானித்த பிறகு, எந்தெந்த டிஸ்க்கில் என்னென்ன மாறப்போகிறது என்று பட்டியல் போட்டு, "எழுதட்டுமா?" என்று கேட்கும். அங்கே கர்சர் நிற்பது 'இல்லை' என்ற விடையில்! தூக்கக் கலக்கத்தில் என்டர் தட்டினாலும் எதுவும் அழியாது. 'ஆம்' என்று தானே நகர்ந்து போய்ச் சொன்னால்தான் எழுதும்.

இந்த ஒரு சின்ன வடிவமைப்பில் அடங்கியிருக்கும் அக்கறை, பளபளக்கும் பத்துத் திரைகளில் இல்லை.

உபுண்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஏற்கெனவே இருக்கும் விண்டோஸைக் கண்டுபிடித்து, பக்கத்திலேயே நிறுவட்டுமா என்று கேட்கும். டிஸ்க்கை ஒரு பட்டையாக வரைந்து, யாருக்கு எவ்வளவு இடம் என்று இழுத்துக்கொள்ளச் சொல்லும். இந்த வசதிதான் ஆயிரக்கணக்கான மாணவர்களை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்ற தேர்வும் அதே அளவில், அதே அழகோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவசரத்தில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிப் பழகிய விரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஃபெடோராவின் அனகோண்டா நிறுவி வேறொரு பாடம் சொல்கிறது. 2013 ஜனவரியில் வந்த 18-ம் பதிப்பில் அதை முற்றிலும் மாற்றி எழுதினார்கள். வரிசையாகப் போகும் திரைகளுக்குப் பதிலாக ஒரு மையத் திரை, அதிலிருந்து கிளைகள். 'முடிந்தது' பொத்தான் இடது மேல் மூலையில். அதைத் தட்டினால் டிஸ்க்கில் எழுதிவிடுமா, வெறுமனே முந்தைய திரைக்குப் போகுமா என்று அனுபவசாலிகளே யோசித்தார்கள். உண்மையில் அது எதையும் எழுதாது; 'நிறுவலைத் தொடங்கு' என்று சொன்னால்தான் எழுதும். பாதுகாப்பானதுதான். ஆனால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று பயனருக்குத் தெரியவில்லை. பயத்தோடு தட்டும் பொத்தானை எளிது என்று சொல்ல முடியுமா? 2025 ஏப்ரலில் வந்த 42-ம் பதிப்பில் வொர்க்ஸ்டேஷனுக்கு மீண்டும் படிப்படியாகப் போகும் புதிய இடைமுகத்துக்கே திரும்பியிருக்கிறார்கள்.

ஃப்ரீபிஎஸ்டியின் சிக்கல் சொற்களில் இருக்கிறது. எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கில், மற்றவர்கள் பார்ட்டிஷன் என்று சொல்வதை அது ஸ்லைஸ் என்கிறது. ஸ்லைஸுக்கு உள்ளே வரும் சிறு பிரிவுகளைத்தான் பார்ட்டிஷன் என்கிறது. இந்த ஒரு வார்த்தைக் குழப்பம் எத்தனை பேரைத் திணறடித்திருக்கும்! 2012 ஜனவரியில் 9.0 பதிப்புடன் பழைய சிஸ்இன்ஸ்டால் போய் பிஎஸ்டிஇன்ஸ்டால் வந்தது. 2014-ல் வந்த 10.0 முதல் இசட்எஃப்எஸ் கோப்பு முறையையும் நிறுவியே அமைத்துத் தருகிறது. அந்த வழி முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் எழுதுவதற்கு முன், "இதுதான் கடைசி வாய்ப்பு" என்று பச்சையாகவே சொல்லி நிறுத்தும். இதோடு அதன் ஹேண்ட்புக் என்ற கையேட்டையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். நிறுவியின் ஒவ்வொரு திரையையும் படத்தோடு விளக்கும் அந்தக் கையேடு கையில் இருப்பவருக்கு ஃப்ரீபிஎஸ்டி கடினமில்லை.

சோலாரிஸ் பற்றியும் ஒரு வரி. பிசியில் ஓடிய அதன் பழைய பதிப்புகள் தங்கள் பார்ட்டிஷனுக்கு 82 என்ற அடையாள எண்ணைப் பயன்படுத்தின. லினக்ஸ் தன் ஸ்வாப் பகுதிக்கு வைத்திருப்பதும் அதே 82. சோலாரிஸ் இருந்த டிஸ்க்கில் லினக்ஸ் நிறுவினால், "ஆகா, ஸ்வாப் இருக்கிறதே!" என்று அது சோலாரிஸையே எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருந்தது. பயனர் எந்தத் தவறும் செய்யாமலே எல்லாம் போகும். பட்டியலைக் காட்டி அனுமதி கேட்கும் கடைசித் திரை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

மறுபடி பூட் ஆன பிறகு

நிறுவி முடிந்து கணினி மீண்டும் எழும்பும் தருணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியை நிறுவியவருக்குப் பெரும்பாலும் கறுப்புத் திரையில் 'லாகின்' என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். நிறுவல் வெற்றிதான். ஆனால் முதல்முறை வந்தவர் தோல்வி என்று நினைத்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். டெஸ்க்டாப் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வைஃபை இன்னொரு தொல்லை. பல வைஃபை சில்லுகளுக்கு ஃபர்ம்வேர் என்ற சிறு கோப்பு தேவை. அதை இணையத்திலிருந்து இறக்கலாம். ஆனால் இணையத்துக்கு வைஃபை வேண்டும்! கட்டற்ற மென்பொருள் கொள்கையால் டெபியன் இந்தக் கோப்புகளைத் தன் அதிகாரபூர்வ சிடியில் பல ஆண்டுகள் வைக்கவில்லை. 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த 12-ம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. கொள்கையை விட்டுவிட்டார்கள் என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு. ஆனால் விடுதி அறையில் லேன் கம்பி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, நிறுவ முடியாத சுதந்திரத்தால் என்ன பயன்? வாக்களித்தவர்கள் எடுத்த முடிவு சரி.

2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து செக்யூர் பூட்டும் சேர்ந்துகொண்டது. உபுண்டு, ஃபெடோரா, 2019 முதல் டெபியன் ஆகியவை இதோடு ஒத்துப்போகின்றன. ஓபன்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி, ஆர்ச் ஆகியவற்றை நிறுவ வழக்கமாக அதை அணைக்க வேண்டும். அணைத்தால் என்ன? டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

ஆப்பிளின் மேக் இயங்குதளமும் இந்தக் குடும்பம்தான். 2007-ல் வந்த 10.5 பதிப்பு முறைப்படி யுனிக்ஸ் சான்றிதழே பெற்றது. அதை நிறுவுவது மிக எளிது என்பார்கள். எளிதுதான், ஏனென்றால் வன்பொருள் எது என்பதை ஆப்பிளே முடிவு செய்துவிட்டது. விண்டோஸ் எளிது என்பவர்களில் பெரும்பாலோர் விண்டோஸை ஒருமுறைகூட நிறுவியதில்லை. கடையிலேயே போட்டு வந்துவிட்டது. எந்தக் கணினி என்றே தெரியாமல், ஏற்கெனவே குடியிருப்பவரைக் கிளப்பாமல், பக்கத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டிய நிலை லினக்ஸுக்கும் பிஎஸ்டிகளுக்கும்தான். அந்தச் சிரமத்தையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

தாய்மொழியில் ஒரு எச்சரிக்கை

பல ஒப்பீடுகளில் விட்டுப்போகும் ஒரு விஷயம் மொழி. 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0-ல் வரைகலை நிறுவியும் வந்தது. அதில் கண்ணுக்குப் பெரிய அழகு ஒன்றுமில்லை. ஆனால் எழுத்துத் திரையில் காட்ட முடியாத எழுத்துகளை அதில் காட்ட முடிந்தது. அப்படி அந்தப் பதிப்பில் சேர்ந்த மொழிகளில் இந்தி, வங்காளம், மலையாளம் ஆகியவற்றோடு தமிழும் ஒன்று. தன்னார்வலர்கள் உட்கார்ந்து வரிக்கு வரி மொழிபெயர்த்தது. ஆங்கிலத்தில் 'ஃபார்மேட்' என்ற சொல்லைப் பார்த்து, ஏதோ ஒழுங்குபடுத்துவார்கள் போல என்று நினைத்து 'சரி' தட்டுபவருக்கும், தன் மொழியில் எச்சரிக்கையைப் படித்துவிட்டுக் கையை எடுப்பவருக்கும் உள்ள தூரம் ஒரு ஹார்டு டிஸ்க்கின் தூரம்.

கஷ்டப்பட்டால்தான் கற்றுக்கொள்ள முடியுமா?

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். "எல்லாவற்றையும் ஊட்டிவிட்டால் மாணவர் என்ன கற்பார்? ஆர்ச் போடட்டும், ஜென்டூ போடட்டும், அப்போதுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்." இதில் உண்மை இருக்கிறது. ஆர்ச் 2012-ல் தன் பழைய பட்டியல்வகை நிறுவியைக் கைவிட்டு, கட்டளைகளைக் கையாலேயே தட்டச் சொன்னது. அப்படி ஒருமுறை நிறுவியவருக்குப் பார்ட்டிஷன், மவுன்ட், பூட் லோடர் எல்லாம் பரீட்சைக்குப் படித்ததைவிட நன்றாக மனதில் நிற்கும்.

ஆனால் கற்பதற்கும் இழப்பதற்கும் சம்பந்தம் இல்லை. ஃபார்மேட் செய்யும் கட்டளையில் ஏ என்பதற்குப் பதில் பி என்று ஒரு எழுத்து மாறினால், வேறொரு டிஸ்க் போய்விடலாம். அதிலிருந்து கிடைக்கும் பாடம் யுனிக்ஸைப் பற்றியதாக இருக்காது. வீட்டில் திட்டு வாங்குவதைப் பற்றியதாகத்தான் இருக்கும். 2021 ஏப்ரலில் ஆர்ச்சே 'ஆர்ச்இன்ஸ்டால்' என்ற உதவி நிரலைத் தன் நிறுவல் வட்டில் சேர்த்தது. அதனால் ஆர்ச்சின் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கையால் நிறுவிக் கற்க ஆசை இருந்தால் மெய்நிகர் கணினி இருக்கிறது. அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் அழிக்கலாம், யாருடைய கல்யாணப் போட்டோவும் போகாது.

சரி, முடிவாக எது ஈசி?

காலி டிஸ்க், அனுபவமுள்ள கை, லேன் கம்பி எல்லாம் இருந்தால் ஓபன்பிஎஸ்டி. விண்டோஸ் இருக்கும் மடிக்கணினி, வைஃபை மட்டும், முதல்முறை என்றால் உபுண்டு. ஆனால் பேக்அப் எடுத்துவிட்டு, பட்டையில் உள்ள எண்களைப் படித்துவிட்டு, நிதானமாகத் தட்ட வேண்டும். கற்க வேண்டும் என்றால் மெய்நிகர் கணினிக்குள் ஆர்ச் அல்லது ஸ்லாக்வேர். பலர் பயன்படுத்தும் பொதுவான கணினியில், இழக்க முடியாத கோப்புகளுக்குப் பக்கத்தில் நிறுவியே ஆக வேண்டும் என்றால் டெபியன். கேள்விகள் அதிகம்தான், நேரமும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கடைசித் திரையில் 'இல்லை' என்ற விடையில் கர்சரை நிறுத்திவிட்டு அது காத்திருக்கும்.

அடுத்த முறை யாராவது "எது ஈசி?" என்று கேட்டால் உடனே ஒரு பெயரைச் சொல்லி அனுப்ப வேண்டாம். முதலில் ஒரு எதிர்க்கேள்வி கேட்கலாம்: "உன் டிஸ்க்கில் என்ன இருக்கு?" பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.